செம்பனை இடைநிரையில் காய்கறி: மாமாவுக்குச் சின்ன டிராக்டர் தேடிய கதை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாமாவுக்கு மூன்று ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தாயிற்று. புதுக் கன்று காய்ப்புக்கு வர இரண்டரை வருடமாவது ஆகும், சில சமயம் மூன்று. அதுவரை நிலத்திலிருந்து ஒரு காசு வராது. அந்த இடைவெளியில் கன்றுகளுக்கு நடுவே வெண்டை, கத்திரி, மிளகாய் போடலாம் என்று மாமா சொன்னபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அத்தை தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த காலத்திலேயே வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட்டு வாரச் சந்தைக்குக் கொண்டுபோனவர். வேலை தெரியும், நிலம் இருக்கிறது. இல்லாதது ஆள்தான்.

மூன்று ஏக்கரும் காய்கறி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. செம்பனையை 9 மீட்டர் முக்கோணத்தில் நடுவார்கள். அப்படி நட்டால் ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் 7.8 மீட்டர் வரும். கன்றைச் சுற்றி வட்டம் விடவேண்டும், உரம் போட இடம் வேண்டும், மட்டை நீளும், அதனால் ஒவ்வொரு பக்கமும் 1.9 மீட்டர் ஒதுக்கினோம். மிச்சம் நடுவில் 4 மீட்டர் பட்டை. ஆக மூன்று ஏக்கரில் கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர்தான் காய்கறிக்கு, அதுவும் பதினாறு நீள நீளமான பட்டைகளாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு மீட்டர்.

முதல் போகம் கையால் செய்தோம். 75 சென்டிமீட்டர் இடைவெளியில் பட்டைக்கு ஐந்து வரிசை. நிலம் நன்றாகவே விளைந்தது, ஆனால் களை எங்களை அடித்துப்போட்டது. பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சத்தில் இருக்கும், அந்த நாட்களில் பட்டையின் ஒரு கோடியில் கொத்தி முடித்து மறுகோடிக்குப் போவதற்குள் ஆரம்பித்த இடம் பச்சையாகிவிடும். ஒரு சுற்றுக் களை எடுக்க பதினாலு ஆள் கூலி என்று அத்தையின் நோட்டில் இருக்கிறது. மூன்றாவது சுற்றுக்கு ஆளே கிடைக்கவில்லை. மிளகாயில் பாதியைப் புல்லுக்கு விட்டுக்கொடுத்தோம். அப்போதுதான் மாமா என்னிடம், "மாப்ள, ஒரு சின்ன டிராக்டர் பாரு" என்றார்.

நான் பார்த்தது முதலில் எச்.பி.யை, அதாவது எஞ்சினின் குதிரைத்திறனை. அதுதான் தப்பு. அந்தத் தப்புக்கு மட்டும் எட்டு மாதம் போனது.

முதலில் வந்தது பாரிட் புந்தார் பக்கம் நெல் போடும் ஒரு சொந்தக்காரரின் கைப்பிடி டிராக்டர், இரண்டு சக்கரம், பின்னால் நடந்து ஓட்டுவது. அங்கெல்லாம் இப்போது பெரிய டிராக்டரைக் கூலிக்கு விட்டு உழுகிறார்கள், அதனால் கைப்பிடி வண்டி சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். லோரி வாடகை மட்டும்தான் செலவு. நல்ல இயந்திரம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது சேற்றுக்குப் பிறந்தது. எங்கள் காய்ந்த மேட்டு மண்ணில் பட்டைக் கோடியில் திருப்பும்போது முழுப் பாரமும் ஓட்டுபவரின் தோளுக்கு வருகிறது. மாமாவுக்கு வயது அறுபத்தேழு. பதினாறு பட்டை என்றால் எத்தனை திருப்பம் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, பின்னால் எடுக்கும்போது காலுக்கும் சுழலும் பிளேடுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. இரண்டாவது நாள் கன்றின் வட்டத்தில் குதிகால் மாட்டி மாமா மல்லாக்க விழுந்தார், கைப்பிடியை விட்டதால் தப்பித்தார். அன்றைக்கே வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அடுத்தது 7 எச்.பி. பெட்ரோல் டில்லர், கையில் பிடித்து ஓட்டும் சின்ன மண்கிளறி, புதுசு, இரண்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் கூட. அரை ஏக்கருக்குள் வைத்திருப்பவர்களுக்கு இதுவே போதும், அதற்கு மேல் தேடவேண்டாம் என்று மனதாரச் சொல்வேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். லாலாங் புல் பிளேடில் சுற்றிக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி அறுக்கவேண்டியிருந்தது. அதைவிட மோசம் கோரை. டில்லர் கோரைக்கிழங்கின் தொடரை அறுத்து அறுத்து நாலா பக்கமும் வீசும், அறுந்து தனியான ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும். ஒரு மூலையில் இருந்த கோரை ஆறு வாரத்தில் ஐந்து பட்டைக்குப் போய்விட்டது. களை எடுக்கிற கருவி வேறு, மண்ணைக் கலக்குகிற கருவி வேறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரிய டிராக்டரையும் ஒருமுறை கூலிக்கு எடுத்தோம், முதல் உழவுக்கு. அதற்கு அது சரிதான். பழைய மரத்தின் வேர் கிடந்த நிலத்தை வேறு எதனாலும் கிழிக்க முடியாது. ஆனால் நாலு மீட்டர் பட்டையில் அது திரும்பும்போது இரண்டு கன்றின் மட்டை போனது, சக்கரம் போன இடத்தில் மழைத்தண்ணீர் மூன்று நாள் நின்றது. ஒரு தடவை போதும்.

இந்த நேரத்தில் மச்சான், அதாவது மாமாவின் மகன், ஈப்போவிலிருந்து வந்தவன், அமெரிக்காவில் காய்கறிக்காரர்கள் இன்றைக்கும் தேடி வாங்கும் இரண்டு பழைய டிராக்டர்களைப் போனில் காட்டினான். ஒன்று ஃபார்மால் கப், 1947 முதல் 1979 வரை செய்தது. இன்னொன்று ஆலிஸ் சால்மர்ஸ் ஜி, 1948 முதல் 1955 வரை செய்தது, மொத்தமே ஏறக்குறைய 30,000தான். இரண்டும் 10 எச்.பி.யைச் சுற்றித்தான். கப்பில் எஞ்சின் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும், ஓட்டுபவர் வலப்பக்கம் உட்கார்ந்து தனக்கு முன்னால் வரும் செடி வரிசையை நேராகப் பார்க்கலாம். ஜி-யில் எஞ்சினையே பின்னால் கொண்டுபோய்விட்டார்கள், முன்னால் வெறும் குழாய்ச் சட்டம், கொழு ஓட்டுபவரின் கண்ணுக்குக் கீழே மண்ணில் ஓடுகிறது. நாங்கள் தேடிய இடம் எதிலும் இந்த இரண்டும் இல்லை, கிடைத்தாலும் பாகம் எங்கே தேடுவது. ஆனாலும் அந்தப் படங்களை நான் பல ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தேன். காய்கறிக்கு டிராக்டர் செய்தவர்கள் பலத்தைத் தேடவில்லை. செடி கண்ணில் படுகிறதா, சக்கரம் எங்கே போகிறது, வயிற்றுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு மெதுவாகப் போகமுடியும், இந்த நாலைத்தான் தேடியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை மாமாவும் நானும் நைலான் கயிறும் ஆப்பும் எடுத்துக்கொண்டு ஒரு பட்டையில் இறங்கினோம்.

பழைய வண்டிகளைச் சரிசெய்து விற்கும் ரீகோன் யார்டுகளில் கிடைக்கும் ஜப்பான் சின்ன டிராக்டர்களில் நாங்கள் அளந்து பார்த்தவற்றின் பின் சக்கரம் நடுவுக்கு நடு 95 சென்டிமீட்டர் வாக்கில் இருந்தது. எங்கள் வரிசை 75. ஒரு வரிசையைக் கால் விரித்துத் தாண்டிப் போனால் சக்கரத்தின் நடு அந்த வரிசையிலிருந்து 47 சென்டிமீட்டரில் ஓடும், பக்கத்து வரிசைக்கு மிச்சம் 28தான். டயரின் பாதி அகலம் 12 போனால் செடியிலிருந்து 16 சென்டிமீட்டரில் டயரின் விளிம்பு. ஒரு மாத வெண்டையின் இலையும் வேரும் அதற்கு வெளியேதான் இருக்கும். எந்த எச்.பி. வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிருக்காது.

வரிசையை 95 ஆக்கலாம் என்றேன். அப்படியென்றால் பட்டைக்கு நாலு வரிசைதான், ஐந்தில் ஒன்று போகும், வேண்டாம் என்றார் மாமா. அவர் கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் குனிந்து ஆப்பைப் பிடுங்கி, சக்கரத்துக்கு 120 சென்டிமீட்டரில் நாலு தடம் குறித்தார். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு பாத்தி, பாத்திக்கு இரண்டு வரிசை, அந்த இரண்டுக்கும் இடையே 50 சென்டிமீட்டர். மூன்று பாத்தி, ஆறு வரிசை. டயரோடு சேர்த்து 3.84 மீட்டர். நாலு மீட்டருக்குள் அடங்குகிறது! ஐந்து வரிசை இருந்த இடத்தில் ஆறு. அதிலும் சக்கரத்தின் நடுவிலிருந்து செடிக்கு 35 சென்டிமீட்டர், டயர் விளிம்பிலிருந்து 23. சக்கரம் எப்போதும் அதே தடத்தில் போவதால் பாத்தி மிதிபடாது, நடந்து போய்க் காய் பறிக்கவும் அதுவே வழி.

மாமா பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். தோட்டத்தில் நிரை பிடித்து வேலை செய்த கண் அது.

ஆக எங்களுக்கு வேண்டிய டிராக்டர் எது என்று இப்போது சொல்லமுடிந்தது. பின் சக்கரத்தை 120க்கு விரிக்க முடியவேண்டும், முன் சக்கரமும் கூடவே விரியவேண்டும். பின் சக்கரம் சுலபம். இந்த மாதிரி வண்டிகளில் ரிம் ஒரு பக்கம் குழிந்திருக்கும், இடது சக்கரத்தை அப்படியே வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டால் குழி திரும்பி அகலம் கூடும். அதே பக்கத்தில் வைத்துப் புரட்டிப் போடக்கூடாது, டயரின் வரி தலைகீழாகி மண்ணைப் பிடிக்காமல் வழுக்கும். முன் சக்கரம்தான் சிக்கல். நாங்கள் பார்த்த நாலு சக்கர ஓட்ட (எஞ்சின் நாலு சக்கரத்தையும் சுழற்றும்) வண்டிகளில் முன் அச்சின் அகலம் மாறாது, கியர் உள்ளே இருக்கிறது. இரண்டு சக்கர ஓட்டத்தில் முன் அச்சு குழாய்க்குள் குழாய், போல்ட்டைக் கழற்றி இழுத்து வேறு துளையில் மாட்டலாம். ஆனால் நம் மழைக்கு நாலு சக்கர ஓட்டம்தானே நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. மாமா தீர்த்துவைத்தார். ஈரத்தில் ஓட்டவே போவதில்லை, அப்புறம் எதற்கு என்றார். ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கிக் கட்டை விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உடையவேண்டும், களிபோல நசுங்கினால் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வராது. அந்த விதியை இன்றுவரை அவர் மீறவில்லை.

வாங்கப் போன கதையில் ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்லவேண்டும். ஈப்போவுக்குத் தெற்கே ஒரு யார்டில் ஒரு வண்டி, புதுப் பெயின்ட், மீட்டரில் 480 மணி. டவுக்கே, அதாவது யார்டு முதலாளி, அதையே திரும்பத் திரும்பக் காட்டினார். கிளட்ச் பெடலைப் பார்த்தேன், ரப்பர் முழுக்கப் போய் இரும்பும் ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. 480 மணியில் இரும்பு தேயாது. மாமா கியர் பெட்டியின் எண்ணெய்க் குச்சியை உருவிக் காட்டினார், தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் நுரைத்திருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஜப்பானில் நெல் வயலில் அச்சு வரை சேற்றில் ஓடிய வண்டிகளுக்கு இது வழக்கமான நோய், சீல் தேய்ந்து சேற்றுத்தண்ணீர் உள்ளே ஏறும், பேரிங் துருப்பிடிக்கும். நாங்கள் ஒன்றும் பேசாமல் வந்துவிட்டோம். பார்க்கப் போகிறவர்கள் காலையில் சொல்லாமல் போங்கள், எஞ்சின் மேல் கையை வையுங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில் பாதி உண்மை தெரிந்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள், குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் போயிற்று. பின்னால் பாரத்தைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், பாரம் தரையைத் தொட்டால் ஹைட்ராலிக் செலவு காத்திருக்கிறது.

கடைசியில் கிடைத்தது குவாலா கங்சார் பக்கம் பழத்தோட்டம் வைத்திருந்த ஒரு பாக்சிக்கிடம், அதாவது வயதான மலாய்க்காரரிடம். குபோத்தா பி வரிசை, பழையது, 16 எச்.பி., மூன்று சிலிண்டர் டீசல், இரண்டு சக்கர ஓட்டம், ரோட்டரியோடு (பின்னால் மாட்டும் சுழல் கலப்பை) 12,500 வெள்ளி. பெயின்ட் வெளுத்திருந்தது, எண்ணெய் சுத்தமாக இருந்தது. செம்பனை காய்ப்புக்கு வரும்வரைக்கும்தான் வேண்டும், அப்புறம் விற்றுவிடுவோம் என்பதால் புதுசைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. இந்த வகை நாடெங்கும் ஓடுகிறது, வாங்க ஆள் உண்டு. ஃபில்டர் சுலபமாகக் கிடைத்தது. ஆயில் சீலுக்கு வண்டிப் பெயரைச் சொல்லி அலையவேண்டாம், பழைய சீலின் மேல் மூன்று அளவு அச்சாகியிருக்கும், உள் விட்டம், வெளி விட்டம், கனம், அதைக் கொண்டுபோனால் டவுனில் பேரிங் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய வண்டிக்குக் கவிழ்ந்தால் காப்பாற்றும் வளைவு இல்லை. பட்டறையில் பைப் வளைத்துத் தருகிறேன் என்றார்கள். டிராக்டர் கவிழ்ந்தால் அதன் முழு எடையும் அந்தப் பைப்பில் விழும், யாரோ கண் அளவில் வைத்த வெல்டிங்கை நம்பி மாமாவை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதம் தேடி, பிரித்துப்போட்ட இன்னொரு வண்டியிலிருந்து கம்பெனியே செய்த வளைவை வாங்கி மாட்டினோம், பெல்ட்டோடு. வாய்க்கால் எத்தனை அடி ஆழமோ அத்தனை அடி தள்ளித்தான் சக்கரம் போகவேண்டும் என்று கடைசிப் பட்டையில் கம்பி நட்டுவைத்தோம்.

களைக் கருவி நாங்களே செய்தது. பட்டறைக்காரர் சதுரக் குழாயில் ஒரு சட்டம், அதில் யூ போல்ட்டில் நகர்த்தக்கூடிய மூன்று தண்டு, தண்டின் அடியில் வாத்துக்கால் போல விரிந்த கொழு. நடுவில் 30 சென்டிமீட்டர் அகலம், இரு பக்கமும் சக்கரத் தடத்தைக் கிளறிவிட 25. செடிக்கு இரு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் தொடாமல் விட்டுவிடுவோம், அது கைக் களை. ரோட்டரியிலும் இரு ஓரத்து பிளேடுகளைக் கழற்றிவிட்டோம், இல்லாவிட்டால் அது தடத்தையும் உழுது மெத்தென்று ஆக்கிவிடும்.

முதல் நாள் பதினொரு கத்திரிச் செடியை அறுத்தோம். மச்சான்தான் ஓட்டினான், நேராகத்தான் ஓட்டினான், ஆனால் பின்னால் சட்டம் இடமும் வலமுமாக ஆடியது. சட்டத்தை டிராக்டரோடு பிணைக்கும் கீழ்க் கைகளின் இரு பக்கச் சங்கிலி தளர்ந்திருந்தது. அதை முறுக்கி இறுக்கியதும் ஆட்டம் நின்றது. இன்னொரு பாடமும் அன்றைக்கே. கொழு பின்னால் இருக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டினால் வண்டி கோணும், செடி தப்பாது. மாமா முன்னால் பானட்டில் ஒரு கம்பியை நட்டு, அது பாத்தியின் நடுவில் போகிறதா என்று மட்டும் பார் என்றார். பின்னால் நடந்து பார்க்க ஒருவர், ஓட்ட ஒருவர். மூன்று சுற்றுக்குப் பிறகு பின்னால் ஆள் தேவைப்படவில்லை.

எப்போது ஓட்டுவது என்பதுதான் எச்.பி.யைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. களை கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தால் ஏற்கெனவே தாமதம். மண்ணை விரலால் கீறினால் வெள்ளை நூல் மாதிரி முளை தெரியும், அந்தப் பருவத்தில் மூன்று நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் கொழு போனால் போதும். ஆழமாக விட்டால் செடியின் ஊட்டு வேர் அறுபடும், கீழே தூங்கும் விதையும் மேலே வரும். காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவோம். பெயர்ந்த முளை உச்சி வெயிலில் காயவேண்டும், நம் ஊரில் நாலு மணிக்கு மழை அடித்தால் காயாத களை மறுபடி வேர்விட்டுவிடும்.

பதினாறு பட்டைக்கு மூன்று பாத்தி வீதம் ஏறக்குறைய 4,700 மீட்டர். நடை வேகத்துக்கும் குறைவாக, திருப்பங்களோடு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். டீசல் மணிக்கு இரண்டு லிட்டரைத் தாண்டவில்லை. செடி ஓரத்துக் கைக் களைக்கு நாலு ஆள். பதினாலு ஆள் கூலி நாலானது. ஆனால் இது முதல் நாலு வாரத்துக்குத்தான். அதன் பிறகு வெண்டை வண்டியின் வயிற்றை முட்டுகிறது, தாண்டிப் போகமுடியாது. அந்த நேரத்தில் செடியின் நிழலே பாத்தியை மூடிக்கொள்ளும், தடத்துப் புல்லை மட்டும் மட்டம் வெட்டினால் போதும். மிளகாய்க்கு மட்டும் இது சரிப்படவில்லை, அது மெதுவாக வளர்கிறது, நிழல் மூடுவதற்குள் கோரை முந்துகிறது. மிளகாய்ப் பாத்திக்குச் சில்வர் பிளாஸ்டிக் விரித்துவிட்டோம், அங்கே டிராக்டருக்கு வேலை தடம் மட்டும்தான்.

இரண்டாவது வருடக் கடைசியில் மட்டை நீண்டு ஓரப் பாத்திகளின் மேல் வந்துவிட்டது. வெண்டை அங்கே காய்க்க மறுத்தது. மூன்று பாத்தியை ஒன்றாக்கினோம், நடுப் பாத்தி மட்டும். அதில் இப்போது கத்திரி ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் இந்தப் போகத்தோடு சரி.

போன மாதம் செம்மோரிலிருந்து ஒருவர் வண்டியை விலை பேச வந்தார். அவரும் காய்கறிதான், குத்தகை நிலம். எஞ்சினைப் போட்டுக் காட்டச் சொன்னார், காட்டினோம். எத்தனை எச்.பி. என்றார், சொன்னோம். மாமா அவரிடம், "உங்க பாத்தி எத்தனை அகலம் தம்பி?" என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. மாமா கொட்டகைக்குள் போய் அந்த நைலான் கயிற்றையும் நாலு ஆப்பையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார், அளந்துட்டு வாங்க, அதுக்குத் தக்கபடி சக்கரத்தை மாத்திப் போட்டுத் தர்றேன், அதுவரைக்கும் வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.